ஒன்றாம் வகுப்பில் கதை சொல்லப் போகிறீர்களா? எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள்

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கோ இரண்டாம் வகுப்புக்கோ புதிதாக வருகிற ஆசிரியருக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "சின்னப் பிள்ளைங்கதானே, கதை சொல்லுங்க டீச்சர், அமைதியா உட்கார்ந்துடும்." எந்தக் கதை, எவ்வளவு நேரம், நடுவில் வகுப்பு கைமீறிப் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. பயிற்சிக் காலத்தில் கதைசொல்லல் ஒரு மாதிரி வகுப்பாக வந்து மதிப்பெண்ணோடு முடிந்துபோகும். பிறகு தனியாகக் கிடந்து அல்லாட வேண்டியதுதான். தொண்டை கட்டும். பொம்மை, முகமூடி என்று கைக்காசு மூவாயிரம், நாலாயிரம் கரையும். அதையெல்லாம்விட, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு கணீரென்று கேட்கும்போது நம் வகுப்பு மட்டும் கூச்சலாகக் கிடப்பது பெரிய அவமானமாக இருக்கும். இந்த வேலை நமக்கு வராதோ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த மாதங்களில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஜூன் மாதம் முதல் வகுப்பில் என்னென்ன நடக்குமோ அதே வரிசையில் போகலாம்.

முதல் நாள் கதை கவிழ்வதற்குப் பெரும்பாலும் கதை காரணமாக இருக்காது. உட்காரும் இடமும் நேரமும்தான் காரணம். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் பிள்ளைகளுக்கு அவர் முகம் இருட்டாகத்தான் தெரியும். முகம் தெரியாவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கப் போய்விடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். பிள்ளைகள் வாசலையும் சத்துணவுக் கூடத்தையும் பார்த்து உட்கார வேண்டாம். முப்பத்தைந்து பேர் என்றால் மூன்று வரிசை அரைவட்டம் போதும், குட்டையான பிள்ளைகள் முன்னால். கடைசி வரிசை உங்களிடமிருந்து மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். நாற்காலியைவிட முக்காலி நல்லது, உங்கள் கண்ணும் அவர்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வரும். கதை தொடங்குவதற்கு முன்பே எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர், ஒன்னுக்கு" என்றால் அடுத்த நிமிடம் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள், கதை அதோடு முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் வேண்டாம், பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். காலை உணவுத் திட்டம் இருக்கிற பள்ளிகளில் பிள்ளைகள் சீக்கிரமே வந்து சாப்பிட்டுத் தெம்பாக இருப்பார்கள். வழிபாடு முடிந்த கையோடு வருகிற முதல் பாடவேளைதான் மிகச் சிறந்த நேரம் என்பேன்.

அடுத்து, எந்தக் கதை? இங்கேதான் நிறைய நேரம் வீணாகிறது. நமக்குப் பிடித்த, நாம் எட்டு வயதில் ரசித்த கதையை ஐந்து வயதுக்காரரிடம் கொண்டுபோகிறோம். மந்திரியும் ராஜாவும் இரண்டு இளவரசர்களும் ஒரு முனிவரும் வருகிற கதையில் யார் யார் என்று புரிவதற்குள் பிள்ளை களைத்துவிடும். ஜூன் மாதத்து ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தாறு நிமிடக் கதை போதும். தீபாவளி வாக்கில் பத்து நிமிடத்தை எட்டலாம். ஒரே நேரத்தில் நினைவில் வைக்க வேண்டிய பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி கதையில் இருக்க வேண்டும். அந்த வரியைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு அவர்களே சொல்வார்கள். வகுப்பைக் கட்டிப்போடுவது அந்த வரிதான். அதட்டலோ பொம்மையோ அல்ல.

இதற்கு நம்மிடம் கையோடு இருக்கிற கதை, ஈ தன் பெயரை மறந்த கதை. தன் பெயர் மறந்துபோன ஈ, கன்றுக்குட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்கும். "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயனே, ஆயன் கைக் கோலே" என்று வரி நீண்டுகொண்டே போகும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். முழு வரிசை பதினான்கு வரும்: கன்று, தாய்ப்பசு, ஆயன், கோல், மரம், கொக்கு, குளம், மீன், வலைஞன், சட்டி, குயவன், மண், புல், குதிரை. முதல் வாரமே பதினான்கையும் சொன்னால் ஒன்பதாவதில் வகுப்பு அறுந்துவிடும். அதனால் நடுவில் வெட்டிச் சுருக்குங்கள். மரத்திலிருந்து நேராக மண்ணுக்குப் போகலாம்: "கோல் தந்த மரமே, மரம் நிற்கும் மண்ணே, மண்ணில் முளைத்த புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பேர் என்ன?" இப்போது எட்டுதான். அடுத்த வாரம் மரத்தில் கொக்கை உட்கார வையுங்கள், கொக்கு நீராடும் குளம் வரும், குளத்து மீன் வரும், அப்படியே குயவன் வழியாக அதே மண்ணுக்கு வந்து சேரலாம். பழைய கதையிலேயே புதிதாக ஆறு பேர் வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்குப் பெரிய உற்சாகம். கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும், ஈக்குத் தன் பெயர் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நீங்கள் கனைத்ததும் கரும்பலகையில் பெரிதாக "ஈ" என்று எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அந்த எழுத்தை எத்தனை தடவை எழுதிப் பழகினாலும் இப்படி ஒட்டாது.

கதையை மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் தவறினால் அடுத்த வரி வராமல் மேலே பார்ப்பார், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கதையை ஐந்தாறு காட்சிகளாக மனதில் வரிசைப்படுத்துங்கள். வார்த்தைக்கு வார்த்தை தெரிந்திருக்க வேண்டியவை மூன்றே மூன்று: முதல் வாக்கியம், திரும்ப வரும் வரி, கடைசி வாக்கியம். கடைசி வாக்கியம் கையில் இல்லாதவர்கள்தான் "அப்புறம்... அவ்வளவுதான்... கதை முடிஞ்சுது" என்று இழுத்து, நன்றாகச் சொன்ன கதையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முந்தின நாள் இரவு வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது. நாக்கு புரளும் இடம் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

சொல்லும்போது நம் பாட்டிகளின் பழக்கம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்: உம் கொட்டச் சொல்வது. "நான் கதை சொல்லுவேனாம், நீங்க உம் கொட்டுவீங்களாம்" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால் முப்பத்தைந்து வாய்க்கும் வேலை கிடைத்துவிடும். உங்களுக்கும் அது அளவுகோல். உம் பலவீனமாக வந்தால் கதை இழுக்கிறது, வேகம் கூட்டுங்கள். உம் நின்றுபோய்க் கண்கள் விரிந்திருந்தால் அங்கே அவசரப்படாதீர்கள், ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். நடுவில் "கன்னுக்குட்டி என்ன நிறம்? ஆயன் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சைக் கேள்வி கேட்காதீர்கள். பதில் தெரிந்தவர்கள் கத்துவார்கள், தெரியாதவர்கள் தலையைக் குனிவார்கள், ஈ பறந்துபோய்விடும். "இப்ப ஈ யார்கிட்ட போயிருக்கும்?" என்று ஊகிக்கச் சொல்லும் கேள்வி ஒன்றிரண்டு இருக்கலாம், அதில் தப்பான பதிலே கிடையாது. ஆனாலும் "டீச்சர், எங்க வீட்டுல மாடு கன்னு போட்டிருக்கு" என்று யாராவது எழுந்து நிற்கத்தான் செய்வார்கள். அதட்டாமல் உள்ளங்கையைக் காட்டி, "கதை முடிஞ்சதும் உன் கன்னுக்குட்டியைப் பத்திச் சொல்லு" என்று நகருங்கள். முடிந்ததும் மறக்காமல் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை மறந்தாலும் அடுத்த முறை உங்கள் கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தொண்டையைப் பற்றி யாருமே எச்சரிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். சிங்கத்துக்குக் கர்ஜனை, கிழவிக்குக் கரகரப்பு, எலிக்குக் கீச்சுக்குரல் என்று தொண்டையை நெரித்துப் பேசினால் சில வாரத்தில் குரல் உடையும். குரல் நாண்கள் வீங்கும், அப்படியே இழுத்துக்கொண்டு போனால் அவற்றில் முடிச்சு விழும். ஆசிரியர்களுக்கு இது சகஜமாக வருகிற தொல்லை. பாத்திரத்தை வேகத்தால் வேறுபடுத்துங்கள்: ஆமை மெதுவாகப் பேசட்டும், முயல் மடமடவென்று பேசட்டும். உடம்பையும் பயன்படுத்துங்கள், சிங்கம் வரும்போது தோளை விரித்து உட்கார்ந்தாலே போதும். வகுப்பு இரைந்தால் அதற்கு மேல் கத்தாமல் நிறுத்திவிடுங்கள். வெறும் மௌனத்துக்கு அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காற்றாக வரும் கிசுகிசுப்பும் தொண்டைக்கு நல்லதல்ல, தாழ்ந்த இயல்பான குரல் போதும். அடிக்கடி செருமாமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூளும் குறையும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் மிளகுப் பாலை நம்பிக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் பொம்மைக்குச் செய்யாமல், இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கிக்குச் செய்யுங்கள்.

பொம்மைச் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் கைப்பொம்மைத் தொகுப்பில் சிங்கம், கரடி, வரிக்குதிரை இருக்கும். நம் கதைக்கு வேண்டிய ஈயும் காக்காவும் இருக்காது. முதல் நாளே எல்லாப் பிள்ளையும் தொட்டுப்பார்க்கக் கேட்கும், இரண்டாம் வாரம் சிங்கத்தின் காது பிய்ந்திருக்கும். முழுச் செலவு முப்பது, நாற்பது ரூபாயில் முடிகிற ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் கமிஷிபாய் என்று சொல்லப்படும் காகித நாடகம் அது. தெருவில் சைக்கிளில் வந்து கதை சொன்னவர்கள் கையாண்டது. இரண்டு சார்ட்டை வாங்கி ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் எட்டு அட்டை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை, படம் பெரிதாக, ஓரக்கோடு கறுப்பு மார்க்கரில். ஸ்கெட்ச் பேனா கடைசி வரிசைக்குத் தெரியாது. சூட்சுமம் பின்பக்கத்தில் இருக்கிறது. முதல் படத்துக்குரிய குறிப்பை எட்டாவது அட்டையின் முதுகில் எழுத வேண்டும், இரண்டாவது படத்துக்குரியதை முதல் அட்டையின் முதுகில், மூன்றாவதுக்குரியதை இரண்டாவதின் முதுகில். அட்டைகளை அடுக்கிப் பிடித்தால் பிள்ளைகள் முதல் படத்தைப் பார்க்கும்போது உங்கள் கண்ணுக்கு நேரே முதல் குறிப்பு இருக்கும். அந்த அட்டையை எடுத்து அடுக்கின் பின்னால் செருகினால் அடுத்த குறிப்பு தானாக வந்துவிடும். அந்தந்தப் படத்தின் முதுகிலேயே அதற்குரிய குறிப்பை எழுதினால் ஒவ்வொரு தடவையும் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டிவரும், கதை நின்று நின்று போகும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் குச்சிப் பொம்மை வேண்டுமென்றால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் அருமையான பொருள். கெட்டியாக, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டுங்கள். விளக்குமாற்றுக் குச்சி வளையும், நுனி கண்ணில் குத்தும்.

இனி கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். நம் கதைகள் எல்லாவற்றையும் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் பெயர் மறக்காமலிருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வருவான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்பான், அதிலிருந்து அதுவே வாயில் ஒட்டிக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம், ஓடி வரும் வரியும் தாண்டிக் குதிக்கும் அசைவும் இருக்கின்றன. ஆனால் வழக்கமாகச் சொல்லும் முடிவில், அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அவன் மனைவியை அடிப்பான், வீங்கின இடத்தைப் பார்த்து யாரோ "கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கே" என்பார்கள். அப்பா அம்மாவை அடிப்பதை முந்தின இரவு பார்த்துவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம், மற்றவர்கள் சிரிக்கும்போது அது என்ன செய்யும்? முடிவை மாற்றிவிடுங்கள். அவன் அவசரத்தில் குனியாமல் அடுக்களைக்குள் ஓடி நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளட்டும், மனைவி பார்த்து, "ஐயோ, நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!" என்று சொல்லட்டும். சிரிப்பு ஒரு துளியும் குறையாது.

அதேபோல் சாதித் தொழிலை வைத்துக் கேலி செய்யும் கதைகள், நொண்டி, செவிடு என்று பாத்திரத்துக்குப் பெயரே வைத்துவிட்ட கதைகள், கறுப்பாக இருப்பவர் கெட்டவர் என்று நினைக்கவைக்கிற கதைகள் எதையும் எடுக்காதீர்கள். இளவரசி "சிவப்பா, அழகா இருந்தா" என்று வாய்ப்பழக்கமாக வரும். முன்வரிசையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல முடியாது. "அழகாப் பாடுவா", "வேகமா ஓடுவா" என்று அவள் செய்யும் காரியத்தைச் சொல்லுங்கள். கொடுமைக்கார மாற்றாந்தாய் வரும் தேவதைக் கதைகளை எடுக்குமுன் வகுப்பில் யார் யார் அம்மா இல்லாமல் வளர்கிறார்கள், யார் சித்தி வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் அந்தக் கதை காத்திருக்கட்டும். அதற்காகப் பயமே இல்லாத கதைதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓநாயும் முதலையும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கதையே ருசிக்காது. பயம் எந்த வகுப்பில் தொடங்கியதோ அதே வகுப்பில் தீர வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது, முதலை வாயைத் திறந்தபடியே நிற்கிறது, மீதி திங்கட்கிழமை என்று வெள்ளிக்கிழமை அனுப்பினால் மூன்று இரவு ஏதோ ஒரு வீட்டில் தூக்கம் போகும். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வந்த பூதத்தைப் பிறகு ஒருநாளும் மிரட்டலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி தெரியுது?" என்று கேட்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் ஊறிப்போனது. ஒரே குரலில் "திருடக் கூடாது டீச்சர்" என்று வரும், அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். வடை கதையில் காக்கா பாட்டியிடம் திருடியதைப் பற்றி, நரி ஏமாற்றியதைப் பற்றி, கடைசியில் வடை போன பாட்டிக்கு யார் பதில் சொல்வது என்பதைப் பற்றியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "நீ அந்தப் பாட்டியா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு நகராமல் காத்திருங்கள். பதில் வர நேரமாகும்.

ஒரு கதையை ஒரே நாளோடு விட்டுவிடுவது பெரிய நஷ்டம். தினமும் புதுக் கதை தேடி இரவெல்லாம் உட்கார வேண்டாம். பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதே கதைதான். திங்கட்கிழமை வெறும் வாய்க் கதை. செவ்வாய் அட்டைகளோடு. புதன் பிள்ளைகளே நடிக்கட்டும், எட்டுப் பேர் பாத்திரம், மற்றவர்கள் சேர்ந்து வரியைச் சொல்லட்டும். வியாழன் அட்டைகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், படம் வரையட்டும். வெள்ளிக்கிழமை கன்று, மரம், மண், புல் என்று நாலு சொல்லை அட்டையில் எழுதி அந்தந்தப் படத்தின் கீழே வைக்கச் சொல்லுங்கள். பார்வையிட வரும் அலுவலரோ தலைமை ஆசிரியரோ "பாடம் எங்கே?" என்று கேட்டால் கலங்க வேண்டியதில்லை. பாடக்குறிப்பில் கேட்டல், பேசுதல், வரிசைப்படுத்துதல் என்று திறனையும் அந்த வாரத்துச் சொற்களையும் எழுத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபிறகு பாட்டுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையில் முறையான இடம் கிடைத்திருக்கிறது, அதைத் தைரியமாகச் சொல்லலாம்.

வாய் திறக்காத பிள்ளைகளைக் கதை சொல்லச் சொல்லி எழுப்பாதீர்கள். புதன்கிழமை நாடகத்தில் மரமாக நிற்கச் சொல்லுங்கள், கையை விரித்து நின்றால் போதும். சில வாரத்தில் அந்த மரம் ஒரு சொல்லாவது சொல்லும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே சொல்லட்டும். திருப்பூர் பக்கமும் சென்னைப் புறநகரிலும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். ஈ கதை அவர்களுக்கு வரம், வரியைப் பிடித்துக்கொண்டால் தமிழ் தானாக நாக்கில் ஏறும்.

புத்தகம் வாசித்துக் காட்டும்போது அதை மடியில் வைத்துக் குனிந்து படிக்காமல், தோளுக்குப் பக்கவாட்டில் விரித்துப் பிடித்து, சொல்லுக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்குத் தெரிய எழுத்து ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். சிறிய புத்தகம் என்றால் ஏழெட்டுப் பேராகப் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு புத்தகங்களில் 'நுழை' என்று, அதாவது வாசிக்கத் தொடங்குபவர்களுக்கான முதல் நிலை என்று குறித்தவை இதற்கு வசதி. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதி இருக்கிறது, ஆகவே புத்தகத்துக்கும் கைக்காசு போட வேண்டாம்.

இரண்டாம் பருவம் தொடங்கியதும் வீட்டிலிருந்து கதை கொண்டுவரச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை யாரிடமிருந்தும் வரலாம். பிள்ளை சொல்லச் சொல்ல அதன் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி, மேலே அந்தப் பிள்ளை வரைந்த படம், அட்டையில் அதன் பெயர். முதுகை ஸ்டேப்ளர் அடித்தால் பின் விரலில் குத்தும், கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டுச் சணல் கோத்துக் கட்டுங்கள். தயாரானதை அலமாரியில் வைத்துப் பூட்டாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சீக்கிரம் கிழியத்தான் செய்யும், அதற்காக மேசையில் ஒரு செல்லோடேப் சுருளை எப்போதும் வைத்திருங்கள்.